ஊரறிய எழுதும் கணக்கு

கிராம முன்னேற்றத்திற்குப் பொருள் வேண்டும், உழைப்பு வேண்டும், திட்டமும் வேண்டும். இம்மூன்றும் வாய்த்திருந்தும் சில ஊர்களில் பொதுவேலை தழைப்பதில்லை. காரணம் யாதென ஆராய்ந்தால், ஊரார் ஒருவரையொருவர் நம்பவில்லை என்பது புலனாகும். ஏரி மதகைச் செப்பனிட எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவாயிற்று, மீதி எங்கே என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாத ஊரில், நேர்மையான தலைவரும் ஐயத்திற்கு இலக்காகிறார். கணக்குக் கோணலாயிருந்தால் ஊருக்குக் கேடு. நேரான கணக்கும் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தால் ஏறக்குறைய அதே கேடு விளைகிறது.

இக்குறையைத் தீர்க்கவல்லது என்று நம் காலத்தில் ஒரு புதிய சாதனத்தைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர். அதற்குப் பிளாக்செயின் என்று பெயர். தமிழ்நாடு அரசு 2020ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிக் கொள்கையொன்றை வெளியிட்டது. அரசின் மின் ஆளுமை முகமை ‘நம்பிக்கை இணையம்’ என்னும் பெயரில் இதற்கான பொது அடித்தளத்தை அமைத்துள்ளது. மத்திய அரசும் 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ‘விஸ்வஸ்யா’ என்னும் தேசியத் தொகுப்பை வெளியிட்டது. ஆகவே, இன்றில்லாவிடினும் நாளை, ஒரு பஞ்சாயத்து உறுப்பினரோ கூட்டுறவுச் சங்கத்து நிர்வாகியோ இச்சாதனத்தைப் பற்றி முடிவு கூற வேண்டிய நிலை வரலாம். அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை இப்போதே அறிந்து வைத்தல் நன்று.

காஞ்சிபுரம் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம். பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்போன அவ்வட்டாரத்தில் இப்பாடத்திற்கு வேண்டிய பழைய சான்றும் உண்டு. புதிய தேவையும் உண்டு.

உத்திரமேரூர்ச் சுவர் கூறுவது

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது உத்திரமேரூர். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று 919ஆம் ஆண்டையும், மற்றது 921ஆம் ஆண்டையும் சேர்ந்தவை. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே அவற்றின் பொருள். குடவோலை முறை என்று நம் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது இதனையே.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவர். சிறியோரும் பெரியோருமாகச் சபை நிறைந்திருக்கும். கோயில் நம்பிமார்களுள் மூத்தவர் எழுந்து நின்று, எல்லாரும் காணும்படி குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். உள்ளிருப்பது யாதென்றறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டை அவிழ்த்து வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் அதனை ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில் ஏற்று, உரக்கப் படிப்பான். அங்குள்ள நம்பிமார்கள் அனைவரும் அதே ஓலையை வாங்கித் தாமும் படிப்பர். இவ்வளவும் நடந்த பின்னரே பெயர் பதிவு செய்யப்படும்.

இம்முறையில் மூன்று செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, பதிவு செய்வதற்கு முன்பே பலர் பார்த்தனர், பலர் படித்தனர். விரல்களை விரித்து வாங்க வேண்டும் என்ற விதி, கைக்குள் வேறோர் ஓலை மறைந்திருக்குமோ என்ற ஐயத்திற்கு இடங்கொடாமல் இருத்தற்பொருட்டு ஏற்பட்டது என்பது வெளிப்படை. இரண்டாவது, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்திற்கு வரலாகாது என்று விலக்கப்பட்டனர். மூன்றாவது, 919ஆம் ஆண்டின் ஏற்பாடு போதாதென்று கண்டு, இரண்டாண்டு கழித்து விதிகளைத் திருத்தி விரிவாக்கினர். அப்போது பழைய எழுத்தைச் செதுக்கி அழித்துவிடவில்லை. இரண்டும் சுவரிலேயே இருக்கின்றன. விதி எப்படியிருந்தது, எப்படி மாறிற்று என்பதை ஆயிரம் ஆண்டு கழித்து நாமும் படித்தறிய முடிகிறது.

ஒரு குறையையும் சொல்லிவிடுதல் முறை. அச்சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய சிலருக்கே உரியதாயிருந்தது. பெண்டிருக்கும், உழுது உழைத்த பெரும்பான்மையோருக்கும் அதில் உறுப்பினராகும் உரிமை இல்லை. சிலருக்குள் மட்டும் வழங்கிய அவ்வெளிப்படை முறையை, இன்று ஊரார் அனைவருக்கும் உரியதாக்குவதே நம் கடமை.

பேரேடு எவ்வாறு சங்கிலியாகிறது

பிளாக்செயின் என்பது அடிப்படையில் ஒரு கணக்குப் பேரேடே. பெயர் புதிதாயினும், அதன் உட்பொருள் கணக்கெழுதும் எவருக்கும் எளிதில் விளங்கும்.

நம் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் நிறைந்ததும், அதன் கூட்டுத்தொகையை அடியில் எழுதி, அடுத்த பக்கத்தின் தலைப்பில் ‘முன் பக்கத் தொகை’ என்று கொண்டுவருகிறோம். முதற்பக்கத்தின் தொகை 4,350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிற்பாடு ஒருவர் அப்பக்கத்தில் 700 என்பதை 900 என்று திருத்தினால், தொகை 4,550 ஆகிவிடும். இரண்டாம் பக்கத்தின் தலைப்போ 4,350 என்றே நிற்கும். பொய் அங்கேயே பிடிபடும். மறைக்க வேண்டுமானால் அதன் பின்னுள்ள எல்லாப் பக்கங்களையும் மாற்றியெழுத வேண்டும்.

ஆயினும் இதில் ஓர் ஓட்டை உண்டு. ஒரு வரியில் 200 ரூபாயைக் கூட்டி, இன்னொரு வரியில் 200 ரூபாயைக் குறைத்தால் கூட்டுத்தொகை மாறாது. திருத்தமும் வெளிப்படாது. பிளாக்செயின் இந்த ஓட்டையை அடைக்கிறது. வெறுங்கூட்டுத்தொகைக்குப் பதிலாக, பக்கத்திலுள்ள ஒவ்வோர் எழுத்தையும் இலக்கத்தையும் கொண்டு கணினி ஒரு நீண்ட முத்திரை எண்ணைக் கணிக்கிறது. ஓர் இலக்கம் மாறினாலும் முத்திரை எண் முற்றிலும் வேறாகிவிடும். அம்முத்திரை அடுத்த பக்கத்தின் தலைப்பில் ஏறுகிறது. அப்பக்கத்தின் முத்திரை அதற்கடுத்த பக்கத்தில் ஏறுகிறது. இவ்வாறு பக்கங்கள் ஒன்றோடொன்று கொக்கிபோல் மாட்டிக்கொள்வதால் சங்கிலி என்று பெயராயிற்று.

இதனோடு இன்னொரு காவலும் சேர்கிறது. அதே பேரேட்டின் படிகள் ஓர் அலுவலகத்தில் மட்டுமின்றிப் பலரிடத்தும் இருக்கும். ஒருவர் தம் படியைத் திருத்தினால், மற்றவர்களின் படிகள் அவரைக் காட்டிக்கொடுக்கும். புதிய பக்கத்தைச் சேர்ப்பதற்கும் யாவரும் ஒப்புக்கொண்ட ஒரு விதி உண்டு.

நெசவாளர் இதனை மிக எளிதில் உணர்வர். நெய்து முடித்த சேலையின் நடுவிலிருந்து ஓர் ஊடை இழையை மட்டும் உருவியெடுத்து, வேறோர் இழையை ஒருவரும் அறியாமல் வைக்க இயலுமா? அடுத்தடுத்து அடித்த இழைகள் அதனை இறுகப் பிடித்திருக்கின்றன. உருவினால் துணியே காட்டிவிடும்.

இக்கருத்து முப்பதாண்டுகளுக்கு மேற்பட்டது. ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டார்னெட்டா என்னும் இரு விஞ்ஞானிகள், ஓர் ஆவணம் எப்போது எழுதப்பட்டது என்பதை மாற்றவியலாதபடி குறிக்கும் வழியை 1991ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1995 முதல் இம்முறையில் கணித்த முத்திரை எண், வாரந்தோறும் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் சிறு விளம்பரமாக அச்சிடப்பட்டது. ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் சென்றுவிட்ட நாளிதழைப் பின்னர் யாரால் திருத்த முடியும்? உத்திரமேரூரில் கோயிற்சுவர் செய்த வேலையை, அங்கே நாளிதழ் செய்தது.

2008ஆம் ஆண்டில் சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் வெளியான ஒரு கட்டுரையும், 2009இல் தொடங்கிய பிட்காயின் என்னும் மின்நாணயமும் இம்முறையை உலகறியச் செய்தன. இங்கே ஓர் எச்சரிக்கை. பேரேடு வேறு, நாணய வியாபாரம் வேறு. ஊர்க்கணக்கை இம்முறையில் எழுத எந்த நாணயத்தையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. பிளாக்செயின் என்று பெயர் சொல்லிக்கொண்டு, பணம் போட்டால் இரட்டிப்பாகும் என்று கூறி வருபவரை ஊருக்குள் அனுமதியாதிருப்பதே விவேகம்.

ஒரு பட்டுச் சேலையின் பயணம்

இனி, இம்முறைக்குக் காஞ்சிபுரத்தில் என்ன தேவை என்று பார்ப்போம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் கர்நாடகத்திலும் உழவர் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கின்றனர். பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுப்பவர் ஒருவர், முறுக்கேற்றுபவர் ஒருவர், சாயமிடுபவர் ஒருவர். ஜரிகை சூரத்திலிருந்தும், காஞ்சிபுரத்திலேயே இயங்கும் தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்திடமிருந்தும் வருகிறது. பாவு தோய்ந்து நெசவாளர் வீட்டுத் தறியில் ஏறுகிறது. உடலும் கரையும் வெவ்வேறு நிறமான கோர்வைச் சேலையாயின், மூன்று நாடாக்களைக் கொண்டு, துணைக்கு ஓராள் உட்கார நெய்ய வேண்டும். வேலைப்பாட்டிற்கேற்ப ஒரு சேலைக்குப் பத்து நாளும் ஆகலாம். இருபது நாளும், அதற்கு மேலும் ஆகலாம். நெய்த சேலை கூட்டுறவுச் சங்கத்திற்கோ முதலாளிக்கோ சென்று, கடையேறி, வாங்குபவர் கையை அடைகிறது.

இத்தனை கைகள் மாறும் பொருளில் ஐயம் புகுவதற்கு இத்தனை வாயில்கள் உண்டு. பட்டு தூய பட்டா, ஜரிகை உண்மை ஜரிகையா, நெய்தது கைத்தறியா விசைத்தறியா என்று வாங்குபவர் கேட்கிறார். இவற்றிற்கு விடையளிக்கச் சில முத்திரைகள் ஏற்பட்டுள்ளன. தூய பட்டிற்கு மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004இல் சில்க் மார்க் வந்தது. காஞ்சிபுரம் பட்டு 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. கைத்தறித் துணிக்கு 2006இல் கைத்தறி முத்திரை ஏற்பட்டது. இவை நல்ல ஏற்பாடுகளே. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கே விடை கூறுகிறது. இன்ன சேலையை இன்னார் நெய்தார், அவருக்கு இன்ன கூலி இன்ன நாளில் கிடைத்தது என்பதை இவற்றுள் எதுவும் கூறுவதில்லை. சேலையின் விலை நெசவாளருக்குத் தெரிவதில்லை. நெசவாளரின் கூலி வாங்குபவருக்குத் தெரிவதில்லை.

பட்டுக்கூடு விற்ற நாள் முதல் சேலை விற்ற நாள் வரை, ஒவ்வொரு கையும் தன் பங்கைப் பொதுப் பேரேட்டில் எழுதினால், இக்கேள்விகள் எல்லாவற்றிற்கும் ஒரே இடத்தில் விடை கிடைக்கும். சேலையில் தைத்த சிறு குறியைக் கைப்பேசியால் படித்து, வாங்குபவர் அதன் வரலாற்றைக் காணலாம். போலிச் சரக்கு விற்பவருக்கு இடம் குறையும். உண்மையாய் உழைத்தவருக்கு மதிப்பு உயரும். பிளாக்செயினை ஆதரிப்போர் கூறும் நன்மை இது. இந்நன்மை கிடைக்கக்கூடியதே. எனினும், தானே வந்துவிடாது.

பொய்யும் அழியாது

ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். ஒரு நெசவாளருக்குச் சங்கத்திலிருந்து பட்டு நூல் நிறுத்துத் தரப்படுகிறது. உண்மையில் தந்தது 520 கிராம். பதிந்தவர் கவனக்குறைவாலோ வேண்டுமென்றோ 550 என்று பதிந்துவிட்டார். பழைய காகிதக் கணக்கானால், நெசவாளர் மறுநாள் வந்து சண்டையிட்டுத் திருத்திக்கொள்ளக் கூடும். சங்கிலிப் பேரேட்டில் அவ்வெண் முத்திரையிடப்பட்டு, பல படிகளில் ஏறி, அசையாமல் நின்றுவிடும். சேலையை நிறுத்து ஒப்படைக்கும்போது 30 கிராம் பட்டு அவர் தலையில் கடனாக நிற்கும். கூலியில் பிடித்தம் ஏற்படும். அவர் முறையிட்டால், ‘மாற்ற முடியாத பேரேடு இவ்வாறு கூறுகிறதே’ என்று விடை வரும்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டிய பாடம் ஒன்று உண்டு. எழுதியதைப் பிறர் மாற்றாமல் காப்பதே இச்சாதனத்தின் வேலை. எழுதியது உண்மையா என்பதை அது அறியாது. தராசின் முள்ளை அது பார்க்கவில்லை. நெசவாளரின் முகத்தையும் பார்க்கவில்லை. உண்மையை எழுதினால் உண்மையைக் காக்கும்; பொய்யை எழுதினால் பொய்யை அதே உறுதியோடு காக்கும். ஆதலின், பதிவுக்கு முன் நடப்பதே முதன்மையானது. உத்திரமேரூரில் ஓலையைப் பலரும் படித்த பின்னரே பதிந்தனர் என்பதன் அருமை இங்கே விளங்குகிறது.

வெளிப்படையான பேரேடு என்பதற்கும், மக்கள் அறிந்த பேரேடு என்பதற்கும் உள்ள தூரத்தையும் நினைவிற் கொள்ள வேண்டும். கணினியைத் திறந்து பார்க்க யாருக்கும் தடையில்லை என்று ஓர் அதிகாரி கூறலாம். தறிக்குழியில் காலை முதல் மாலை வரை கால் வைத்திருப்பவர் அதனைத் திறப்பது எப்போது? திறந்தாலும் அங்குள்ள எழுத்து ஆங்கிலமாயிருந்தால் அவருக்குப் பயன் என்ன? கதவு பூட்டாமல் இருப்பதால் மட்டும் வீட்டினுள் உள்ளது ஊருக்குத் தெரிந்துவிடாது. உள்ளவர் வெளியே வந்து சொல்ல வேண்டும்.

பிற இடங்களில் கண்டது

மாம்பழத்தைப் பற்றிய ஒரு செய்தி உழவர்களுக்குச் சுவை தரும். அமெரிக்காவில் வால்மார்ட் என்னும் பெருவணிக நிறுவனம், ஒரு பொட்டலத்திலுள்ள நறுக்கிய மாம்பழம் எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று கண்டுபிடிக்க முயன்றது. பழைய முறையில் ஏறக்குறைய 7 நாட்கள் ஆயின. கொண்டு சென்றவர் ஒவ்வொருவரும் எழுதி வைத்த சங்கிலிப் பேரேட்டைக் கொண்டு பார்த்தபோது 2.2 விநாடியில் விடை கிடைத்தது. எல்லாரும் எழுதினால் பேரேடு எவ்வளவு பயன்படும் என்பதற்கு இது சான்று.

மற்றொரு முயற்சி வேறுவிதமாக முடிந்தது. கப்பற் சரக்குகளின் ஆவணங்களைப் பிளாக்செயினில் ஏற்றும் பொருட்டு, மேர்ஸ்க் என்னும் டென்மார்க் கப்பல் நிறுவனமும் ஐ.பி.எம். நிறுவனமும் கூடி 2018இல் டிரேட்லென்ஸ் என்னும் அமைப்பை ஏற்படுத்தின. பொருளுக்கும் அறிவுக்கும் குறைவில்லாத நிறுவனங்கள் அவை. இருந்தும் 2022 நவம்பரில் அதனை மூடுவதாக அறிவித்தன. அத்துறையிலுள்ள எல்லாருடைய முழு ஒத்துழைப்பும் கிட்டவில்லை என்பதே அவை கூறிய காரணம். கருவி சிறந்ததாயிருந்தாலும், சேர வேண்டியவர் நம்பிச் சேராவிட்டால் திட்டம் நிற்காது.

மூன்றாவது சான்று கணினியே இல்லாதது. இராஜஸ்தானத்தில் மஜ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானா என்னும் ஊரில் பொது விசாரணையொன்றை நடத்திற்று. பொதுவேலைகளின் கூலிப் பட்டியல்களை ஊரார் முன் உரக்கப் படித்தனர். வேலைக்கு வராதவர் பெயர்களும், முடியாத வேலைக்கு முடிந்ததாக எழுதிய செலவும், கேட்டுக்கொண்டிருந்தவர்களாலேயே வெளிப்பட்டன. எழுத்தறியாதவரும் தம் பெயரைக் காதாற் கேட்டு, உண்மை எது என்று சொல்ல முடிந்தது. அங்கு எழுந்த குரல், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திற்கு வழிகோலியவற்றுள் ஒன்றாயிற்று.

அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு, பொது அலுவலகங்கள் யாரும் கேளாமலே தம் செய்திகளை வெளியிட வேண்டும் என்கிறது. வட்டார மொழியையும், மக்களை அடையும் வழியையும் கருதி வெளியிட வேண்டும் என்றும் கூறுகிறது. அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, ஒலிபரப்பு, இணையம் ஆகியவை அவ்வழிகளாகக் குறிக்கப்பட்டுள்ளன. இணையம் அவற்றுள் ஒன்று மட்டுமே என்பதை நம் அலுவலர்கள் மறவாதிருக்க வேண்டும்.

கடைப்பிடிக்க வேண்டிய எட்டு விதிகள்

ஒரு பஞ்சாயத்தோ கூட்டுறவுச் சங்கமோ இத்தகைய திட்டத்தை மேற்கொள்ளுமானால், பின்வரும் விதிகளைக் கைக்கொள்ளுதல் நலம்.

1. தொடங்குமுன் சொல்லுதல். எதற்காக இத்திட்டம், செலவு எவ்வளவு, யார் எழுதுவர், யார் படிக்கலாம் என்பவற்றைக் கிராம சபையிலோ சங்கத்தின் பொதுக் கூட்டத்திலோ தமிழில் விளக்க வேண்டும். நம் மாநிலத்தில் 2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை அந்நாட்கள். இடமும் நாளும் ஏற்கெனவே இருக்கின்றன, பயன்படுத்துவதே குறை.

2. சாட்சியோடு எழுதுதல். நூலை நிறுக்கும்போது கொடுப்பவரும் வாங்குபவரும் தராசைப் பார்த்து, எடையை உரக்கச் சொல்லி, இருவரும் ஒப்பிய பின்னரே பதிவு செய்ய வேண்டும். நெசவாளர் கையில் தமிழில் ஒரு சீட்டும் தர வேண்டும்.

3. படித்துக் காட்டுதல். மாதம் ஒரு முறை வரவு, செலவு, கூலி, நிலுவை ஆகியவற்றைக் கூட்டத்தில் வாசித்து, பலகையிலும் எழுதி வைக்க வேண்டும். பேரேட்டின் அன்றைய முத்திரை எண்ணையும் அதே பலகையில் குறிக்கலாம்.

4. திருத்தத்திற்கு வழி வைத்தல். தவறான பதிவை அழிக்க இயலாது. ஆனால், ‘இன்ன நாள் பதிவில் 550 என்பது பிழை, 520 என்பதே சரி’ என்று புதிய பதிவு செய்து, அதன்படி கணக்கை நேராக்க இயலும். இதற்கு யாரிடம் முறையிடுவது, எத்தனை நாளில் முடிவு கிடைக்கும் என்பவை முன்னரே அறிவிக்கப்பட வேண்டும். முடிவாகும் வரை கூலியில் பிடித்தம் கூடாது.

5. படிகளைப் பகிர்ந்து வைத்தல். எல்லாப் படிகளும் ஒரே அலுவலகத்தின் கணினிகளில் இருந்தால் அது ஒருவர் கையிலுள்ள பேரேட்டிற்குச் சமமே. சங்கம், துறை அலுவலகம், தணிக்கையாளர், நெசவாளரின் பிரதிநிதி ஆகிய தனித்தனி இடங்களில் படிகள் இருத்தல் வேண்டும்.

6. கெட்ட செய்தியையும் அன்றே சொல்லுதல். கணினி நின்றாலும், பணம் வருவது தாமதமானாலும், கணக்கில் வேற்றுமை காணப்பட்டாலும் அன்றைக்கே அறிவிக்க வேண்டும். ஒரு வாரம் மறைத்து வைத்த சிறு பிழை, ஊர் வாயில் பெரும் மோசடியாகிவிடும்.

7. மறைக்க வேண்டியதை மறைத்தல். கணக்கு வெளிப்படையாக இருக்கலாம். ஒருவருடைய ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், நோய், குடும்பக் கடன் ஆகியவை ஊர்ப்பொதுவல்ல. ஒரு முறை பொதுப் பேரேட்டில் ஏறியதைத் திரும்ப எடுக்க முடியாதாகையால், இவற்றை ஏற்றவே கூடாது. தனிமனிதரின் விவரங்களைக் காக்க 2023இல் மத்திய அரசு தனிச்சட்டமே இயற்றியுள்ளது.

8. விதியை மாற்றினால் இரண்டையும் காட்டுதல். பழைய விதி இது, புதிய விதி இது, மாற்றியதற்குக் காரணம் இது என்று மூன்றையும் பலகையில் எழுத வேண்டும். உத்திரமேரூர்ச் சபையார் சுவரில் இரண்டு விதிகளையும் விட்டு வைத்தது போன்றதே இது.

எல்லா ஊருக்கும் இது வேண்டுமா?

வேண்டியதில்லை என்றே கூறுவோம். புதியது என்ற காரணத்தினால் ஒன்றை மேற்கொள்வது விவேகமாகாது. இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கணக்கை எழுதுவோர் ஒருவரா பலரா? அப்பலரும் ஒருவரையொருவர் நம்பத் தயங்குகின்றனரா? ஒரே பஞ்சாயத்தின் குடிநீர்க் கட்டணக் கணக்கிற்கு ஒழுங்கான பேரேடும், தணிக்கையும், சுவரில் எழுதிய பட்டியலும் போதும். அங்குப் பிளாக்செயினைக் கொண்டுவருவது, கிணற்றுக் கயிறு வேண்டிய இடத்தில் கப்பற் சங்கிலியைக் கட்டுவது போலாகும். பட்டுச் சேலையைப் போல உழவர், நூலெடுப்போர், சாயக்காரர், நெசவாளர், சங்கம், கடை என்று பலர் பல ஊர்களில் இருந்து எழுத வேண்டிய கணக்கிற்கு இது பொருந்தும்.

எட்டு விதிகளுள் முதல் மூன்றையும், ஆறாவதையும் கடைப்பிடிக்கக் கணினியே தேவையில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சொல்லுதல், சாட்சியோடு எழுதுதல், படித்துக் காட்டுதல், பிழையை ஒப்புதல் ஆகிய நான்கும் இன்றே, எந்த ஊரிலும், ஒரு கரும்பலகையைக் கொண்டு தொடங்கக்கூடியவை. இப்பழக்கம் இல்லாத ஊருக்குப் புதிய சாதனம் வந்தால், பழைய ஐயம் புதிய பெட்டிக்குள் குடியேறும். இப்பழக்கம் ஊன்றிய ஊருக்கு அச்சாதனம் வந்தால், அது பெருந்துணையாக நிற்கும்.

கூடிப் பேசுவதற்கு

இக்கட்டுரையைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் கூட்டத்தில் படித்து, பின்வரும் கேள்விகளை ஆராயும்படி கேட்டுக்கொள்கிறோம்.

நம் ஊர்க்கணக்கு கடைசியாக எப்போது உரக்க வாசிக்கப்பட்டது? அன்று எத்தனை பெண்டிர் வந்திருந்தனர்? கணக்கில் பிழை கண்ட ஒருவர் அதனை அச்சமின்றிச் சொல்ல வழி உண்டா? சொன்னவருக்கு விடை கிடைத்ததா? நம் ஊர் நெசவாளரோ உழவரோ தாம் விற்ற பொருளின் எடையையும் விலையையும் தம் கண்ணால் கண்டு ஒப்புகின்றனரா?

இக்கேள்விகளுக்கு நிறைவான விடை கூறவல்ல ஊர், எந்தப் புதிய முறையையும் அஞ்சாமல் ஏற்கலாம். குடத்திலிருந்து எடுத்த ஓலையை மத்தியஸ்தன் மட்டும் படித்தால் போதும் என்று உத்திரமேரூரார் எண்ணவில்லை. அங்கிருந்த நம்பிமார் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துப் படிக்கச் செய்தனர். நம் ஊர்க்கணக்கும் அவ்வாறே கைக்குக் கை சென்று படிக்கப்படுமாக.